சான் ஹுவான் மலைச்சுற்றில் மோட்டார் ஹோம்: 236 மைலுக்கு எட்டு இரவு

#1 தெற்குமாசி

போன செப்டம்பர் கடைசியில் கொலராடோவின் தென்மேற்கு மூலைக்குப் போய்வந்தோம். நான், மனைவி, ஏழு வயது மகன், மதுரையிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. ஐந்து பேருக்கு 25 அடி மோட்டார் ஹோம் ஒன்று, அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. தனிமடலில் நாலைந்து பேர் விவரம் கேட்டுவிட்டதால் இழையாகவே போட்டுவிடுகிறேன்.

சான் ஹுவான் ஸ்கைவே என்று அந்தச் சுற்றுக்குப் பெயர். டுராங்கோ, சில்வர்டன், யூரே, ரிட்ஜ்வே, டெல்லுரைடு பக்கம், டோலோரஸ், கோர்டெஸ், மான்கோஸ், மறுபடி டுராங்கோ. மொத்தம் 236 மைல். காரில் காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் சுற்றி முடித்துவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் எட்டு இரவு எடுத்துக்கொண்டோம். அலுவலகத்தில் சொன்னபோது "நடந்தா போகிறாய்?" என்று கேட்டார்கள்.

டல்லாஸிலிருந்து நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கிக்கு விமானம். வண்டியை அங்கே எடுத்தோம். முதல் இரவை ஊரைத் தாண்டி பெர்னலில்லோவிலேயே கழித்தோம், வண்டியின் குழாய், சுவிட்சு எல்லாம் புரிபட வேண்டுமே. பெர்னலில்லோவில் தொடங்கும் 550ஆம் எண் சாலைதான் டுராங்கோ, சில்வர்டன், யூரே எல்லாம் தாண்டி மான்ட்ரோஸ் வரை போகிறது. ஒரே சாலை, வழி தவற வாய்ப்பே இல்லை.

சில்வர்டனைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊர் இருப்பது 9,318 அடியில். நம் ஆனைமுடியின் உச்சி 8,842 அடி. அதாவது தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரத்தின் தலைக்கு மேலே இவர்களுக்குக் கடைத்தெரு. கிரீன் தெருவுக்குத் தார் போட்டிருக்கிறார்கள், பக்கத்துத் தெருக்கள் இன்னும் மண்தான். டுராங்கோவிலிருந்து நீராவி ரயில் நண்பகல் வாக்கில் ஊர் நடுவிலேயே வந்து நிற்கிறது. 1882இல் வெள்ளித் தாதுவைக் கீழே இறக்கப் போட்ட பாதை, 45 மைல்.

அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் கிளம்பிப் போனதும் தண்டவாளத்துக்குக் குறுக்கே செருப்பை அடிமேல் அடியாக வைத்துப் பார்த்தார். "மீட்டர் கேஜ் இல்லைப்பா. அதைவிட அரைச் சாண் குறையுது" என்றார். பிறகு தேடிப் பார்த்தேன்: தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றடி. 914 மில்லிமீட்டர். மீட்டர் கேஜைவிட எட்டரை சென்டிமீட்டர் குறைவு.

ரயில் வந்து நிற்கிற இரண்டு மணி நேரம்தான் ஊருக்குத் திருவிழா. தொப்பிக் கடை, மிட்டாய்க் கடை, ஹாம்பர்கர் கடை எல்லாவற்றிலும் வரிசை. ரயில் கூவிக்கொண்டு இறங்கியதும் தெருவில் ஆள் இல்லை. நாலரை மணிக்கு மலைநிழல் தெருவில் விழுந்துவிடும். ஒரு நாய் கிரீன் தெருவின் நட்டநடுவில் படுத்திருந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் படுத்திருந்தது. அந்த நாயைப் பார்க்க இரண்டு இரவு வேண்டும் என்பதுதான் இந்த இழையில் நான் சொல்ல வருவது.

மீதியைக் கேளுங்கள், சொல்கிறேன்.

#2 கணக்குப்பிள்ளை

நல்ல பதிவு. ஆனால் நாய் பார்க்க மோட்டார் ஹோம் எதற்கு? ஒரு எஸ்யூவி, இரண்டு ஹோட்டல் அறை. வண்டி மைலேஜைச் சொல்லாமல் விட்டீர்களே, ஏன் என்று ஊகிக்க முடிகிறது.

#3 தெற்குமாசி

மறைக்கவில்லை. காலனுக்கு ஒன்பது மைல். ஆல்புகர்க்கி போகவர சேர்த்து 700 மைல் ஓடியது, கிட்டத்தட்ட 78 காலன். அதில்லாமல் நாள் வாடகை தனி, மைல் கட்டணம் தனி, ஜெனரேட்டர் ஓடிய மணிக்குத் தனி, வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமில் இடவாடகை தனி. எல்லாம் கூட்டினால் நீங்கள் சொல்கிற எஸ்யூவியும் இரண்டு அறையும் எங்களுக்குக் கொஞ்சம் மலிவாகவே இருந்திருக்கும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அப்பாவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வேண்டும். அந்த மலையில் மைல் கணக்கில் ஒன்றும் கிடையாது. அவர் பயணத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஆள், உயரத்தில் அப்படி இருந்தால் ஆபத்து. இந்த வண்டியில் அந்தப் பயமே இல்லாமல் போனது. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள், கணக்குப்பிள்ளை?

#4 ரெண்டாம்கியர்

டென்வர்வாசி, சொந்த ஊர் கோத்தகிரி. இந்தச் சுற்றை மூன்று முறை ஓட்டியிருக்கிறேன், இரண்டு முறை மோட்டார் ஹோமில்.

முதலில் திசை. டுராங்கோவிலிருந்து வடக்கே சில்வர்டன், அப்புறம் யூரே என்று போங்கள். கடிகாரத்துக்கு எதிர்த்திசை. சில்வர்டனுக்கும் யூரேவுக்கும் நடுவே 25 மைல்தான் மில்லியன் டாலர் ஹைவே. வடக்கே போனால் நீங்கள் மலைச்சுவர் பக்கம். தெற்கே வந்தால் பள்ளத்தின் பக்கம், பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது, வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் காற்றுதான்.

இரண்டாவது இறக்கம். கோல் பேங்க் கணவாய் 10,640 அடி, மோலாஸ் 10,910, ரெட் மவுண்டன் 11,018. மூன்றிலும் ஏறி மூன்றிலும் இறங்க வேண்டும். ஐந்தாறு டன் வண்டியை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறக்கினால் பாதி வழியில் கருகல் வாடை வரும், அதற்கு மேல் பிரேக் இருக்காது. நம் ஊரில் கல்ஹட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுக்கும் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஏறின கியரிலேயே இறங்கு. இங்கே ஆட்டோமேட்டிக் வண்டி என்றாலும் அதே பாடம். கியர் தண்டின் நுனியில் டோ-ஹால் என்று, இறக்கத்தில் கியரைத் தாழ்த்திப் பிடிக்கும் பொத்தான் இருக்கும், அதை அமுக்குங்கள், கியரை இரண்டில் வையுங்கள், எஞ்சின் உறுமட்டும். உறுமல் கேட்டு வீட்டுக்காரம்மா பயப்படுவார்கள், முன்னமே சொல்லி வையுங்கள்.

பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிடுங்கள். அவசரம் அவர்களுக்கு, உங்களுக்கு இல்லை.

#5 செங்காந்தள்

தெற்குமாசி அண்ணா, என் மாமனார் மாமியார் மே மாதம் வருகிறார்கள். இருவருக்கும் வயது எழுபதுக்கு மேல், மாமனாருக்கு ரத்த அழுத்தம். 9,000 அடியில் தூங்குவது சரிப்படுமா? உங்கள் வீட்டில் எப்படி இருந்தது, மறைக்காமல் சொல்லுங்கள்.

#6 தெற்குமாசி

மறைக்காமல் சொல்கிறேன் சகோதரி, அங்கே நான் ஒரு தப்புச் செய்தேன்.

டுராங்கோ 6,512 அடி. அங்கே ஒரே இரவு தங்கிவிட்டு மறுநாளே சில்வர்டனுக்கு ஏறிவிட்டோம். முதல் இரவு அம்மாவுக்குத் தலைவலி, அப்பாவுக்குத் தூக்கமே இல்லை, இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் மதியம்தான் சரியானது. ரெண்டாம்கியர் சொல்கிற திசையில் போனால் இதுதான் சிக்கல்: 7,792 அடியில் இருக்கிற யூரேவுக்கு முன்னால் 9,318 அடி சில்வர்டனில் படுக்க வேண்டிவரும். பெரியவர்களோடு போகிறவர்கள் டுராங்கோவில் இரண்டு மூன்று இரவு தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு ஏறுங்கள். கிளம்பும் முன்னால் அவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், நாங்கள் கேட்டுவிட்டுத்தான் போனோம்.

மே மாதம் என்கிறீர்கள், அது அந்த மலைக்கு வசந்தமே இல்லை. கணவாய்களில் பனி பெய்யலாம். ஜூன் பாதிக்கு மேல் தள்ள முடியுமா பாருங்கள்.

#7 ரெண்டாம்கியர்

உயரத்தைப் பற்றிச் சொன்னது சரி. இன்னொரு வழி: சில்வர்டனில் பகலில் நின்று சாப்பிட்டுவிட்டு நேரே யூரேவுக்கு இறங்கிப் படுத்துவிடுங்கள். உடம்பு பழகியபின் வேண்டுமானால் சில்வர்டனுக்குப் பகலில் போய்வாருங்கள்.

#8 தெற்குமாசி

போய்வரும்போது பள்ளத்துப் பக்கம் வர வேண்டியிருக்குமே! நாயும் சாயங்காலம்தான் படுக்கும்.

#9 நல்லூரான்

வணக்கம் அண்ணை. ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்கட ஊரில் மலைநாடு என்றால் நுவரெலியாதான், அதுவே 6,128 அடி. அங்கே போனாலே எனக்குத் தலை சுத்தும். ஒரு கேள்வி: சமையல் எப்படி? ஒன்பது நாளும் பாணும் ஜாமும் சாப்பிட என்னால் ஏலாது. தேத்தண்ணியாவது ஒழுங்காக வருமோ?

#10 தெற்குமாசி

நல்லூரான், நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். தேநீர் வரும். சோறுதான் வராது.

விமானத்தில் எடை கூடுகிறது என்று மனைவி குக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டாள். வாடகை வண்டியோடு கொடுத்த பாத்திரத்தில் அம்மா சில்வர்டனில் பொன்னி அரிசியை உலையில் போட்டார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பதினைந்து நிமிடம், இருபத்தைந்து நிமிடம், நாற்பது நிமிடம். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் வெளியே குழைந்து கிடக்கிறது, உள்ளே வெள்ளையாகக் குத்துகிறது. "கொதிக்குது, ஆனா சூடு இல்லையே" என்றார் அம்மா. இயற்பியல் படித்தவன் நான், படிக்காத அம்மாதான் சரியாகச் சொன்னார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நெருப்பை ஏற்றினாலும் ஆவிதான் கூடும், சூடு ஏறாது. அடுத்த நாள் அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்துவிட்டுப் போட்டார், பரவாயில்லாமல் வந்தது. துவரம் பருப்பு கடைசி வரை வேகவில்லை. குக்கர் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள், இருந்தாலும் இரண்டு விசில் சேர்த்து விடுங்கள்.

இன்னொன்று தாளிப்பு. கடுகு வெடித்துக் கறிவேப்பிலை விழுந்த கணம் புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. பக்கத்து வண்டிக்காரர் தீயணைப்பானோடு ஓடி வந்துவிட்டார். அவருக்கு ஒரு கிண்ணம் ரசம் கொடுத்து அனுப்பினோம். அதன்பிறகு தாளிப்பதென்றால் கூரை விசிறியைப் போட்டு, கதவைத் திறந்துவைத்து, மகன் அட்டையால் கருவிக்கு நேரே விசிறுவான்.

மதுரையிலிருந்து வந்த முறுக்குப் பொட்டலங்கள் ஒவ்வொரு கணவாயிலும் உப்பிக்கொண்டே போயின. மோலாஸில் ஒன்று படாரென்று வெடித்தது. டயர்தான் போனது என்று நினைத்து ஓரங்கட்டினேன்.

#11 கணக்குப்பிள்ளை

ரசம் வரை சொன்னவர் அது முடிந்து எங்கே போகிறது என்று சொல்லவில்லை. கழிவுத் தொட்டி விவகாரம்தான் எனக்கு இந்த வண்டியில் பிடிக்காததே.

#12 தெற்குமாசி

அதையும் சொல்கிறேன், சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள்.

மூன்று தொட்டி. நல்ல தண்ணீர் ஒன்று, பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் போகிற சாம்பல் தொட்டி ஒன்று, கழிப்பறைக்குக் கறுப்புத் தொட்டி ஒன்று. எல்லோரும் கறுப்பைப் பற்றித்தான் பயப்படுவார்கள். எங்களுக்கு நிரம்பியது சாம்பல். அம்மா அரிசியை மூன்று தண்ணீர் கழுவுவார், பாத்திரத்தை ஓடும் குழாயில் அலசுவார். இரண்டாம் நாள் காலையில் குளியல் தொட்டிக்குள் கழுநீர் எதிர்த்து வந்து நின்றது. அதன்பிறகு அரிசிக் கழுநீர் வாளியில் பிடிக்கப்பட்டது, பாத்திரம் துடைத்த பிறகே கழுவப்பட்டது.

காலி செய்யும்போது கறுப்பை முதலில் திறக்க வேண்டும், பிறகு சாம்பல். சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். எங்களுக்கு வாடகை நிறுவனம் கொடுத்த கழிவுக் குழாயில் விரல் நுழையும் ஓட்டை, அதைக் கண்டுபிடித்த விதத்தை இங்கே எழுத முடியாது. புதிது வாங்கியதற்குக் காசு கேட்டேன், பாதி கொடுத்தார்கள். வண்டி எடுக்கும்போதே குழாயை விரித்துப் பாருங்கள். கையுறை ஒரு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு ஜோடி போதாது.

தொட்டியைவிடப் பெரிய தொல்லை குளிர். செப்டம்பர் கடைசியிலேயே சில்வர்டனில் இரவு உறைநிலைக்குக் கீழே போய்விட்டது. முகாமின் தண்ணீர்க் குழாயை வண்டியிலிருந்து கழற்றாமல் படுத்துவிட்டேன். காலையில் குழாய் கம்பு மாதிரி விறைத்துக் கிடந்தது. மடக்கினால் உள்ளே ஐஸ் நொறுங்கும் சத்தம். வெயில் வந்து உருகும்வரை காபி இல்லை. காபி இல்லாமல் அப்பாவோடு இரண்டு மணி நேரம் ஒரு வண்டிக்குள் இருந்து பாருங்கள்.

#13 செங்காந்தள்

சிரித்து முடியவில்லை. ரயிலில் போனீர்களா? போகாமல் தண்டவாளத்தை மட்டும் அளந்துவிட்டு வந்தீர்களா?

#14 தெற்குமாசி

அளந்துவிட்டுத்தான் வந்தோம். போகவர நாள் முழுக்க ஆகும், அம்மாவுக்கு முதுகு தாங்காது. அப்பாவை மட்டும் அனுப்பியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு மேட்டுப்பாளையம் ரயில் ஞாபகம் வந்துவிட்டது, எஞ்சின் பக்கமாகவே நின்றார். "கரி வாசம் இல்லையே" என்றார்.

#15 ரெண்டாம்கியர்

ஐயாவின் மூக்கு சரி. 2018 காட்டுத்தீக்குப் பிறகு அங்கே நிலக்கரி எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நம் நீலகிரி ரயிலின் நீராவி எஞ்சின்களும் பெரும்பாலும் எண்ணெயில்தான் ஓடுகின்றன, ஆனால் அது மீட்டர் கேஜ், நடுவில் பல்சக்கரத் தண்டவாளம்.

தடுப்புக் கம்பி ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லையே? குளிர்காலத்தில் பனியைத் தள்ளும் வண்டி அதைப் பள்ளத்தில் தள்ள வேண்டும், கம்பி இருந்தால் இடமில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்கிற காரணம். ரெட் மவுண்டன் பக்கம் சாலையோரத்தில் ஒரு நினைவுக்கல் உண்டு. 1963க்கும் 1992க்கும் நடுவே அந்தச் சாலையில் பனிச்சரிவில் இறந்தவர்களுக்கு. பனி தள்ளும் வண்டி ஓட்டுநர்கள் அதில் மூவர். ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டுத்தான் போவேன்.

#16 நல்லூரான்

அந்தப் பக்கம் ஆறு செம்மஞ்சளாக ஓடும் என்று கேள்விப்பட்டேன். உண்மையோ? பிள்ளைகளைத் தண்ணியில் இறக்கலாமோ?

#17 தெற்குமாசி

2015 ஆகஸ்ட் 5 அன்று சில்வர்டனுக்கு மேலே கோல்ட் கிங் என்ற பழைய சுரங்கத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக வேலை செய்தவர்களே தோண்டும்போது அடைப்பு உடைந்துவிட்டது. முப்பது லட்சம் காலன் சுரங்கத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, அனிமாஸ் ஆறு டுராங்கோ வரைக்கும் அதைத் தாண்டியும் மஞ்சளாக ஓடியது. நாங்கள் பார்த்தபோது அனிமாஸ் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் யூரேவுக்கு இறங்கும் வழியில் ரெட் மவுண்டன் ஓடை இன்னும் துரு நிறம்தான், கற்களெல்லாம் மஞ்சள் குழைத்துப் பூசிய மாதிரி. மலையே இரும்புத் துரு, அதற்கு மேல் நூறு வருடத்துச் சுரங்கம். பையனை இறக்கவில்லை.

யூரேவில் அவனுக்கு வேறு தண்ணீர் கிடைத்தது, ஊர் முகப்பிலேயே வெந்நீர் ஊற்றுக் குளம். கந்தக வாடை கிடையாது. மூன்று பக்கமும் செங்குத்து மலை, நடுவில் கழுத்தளவு சுடுநீரில் அப்பா, தலையில் துண்டு. குற்றாலத்தில்கூட இவ்வளவு நேரம் நின்றதில்லை. அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த யூரே ஒரு யூட் பழங்குடித் தலைவர். 1873 ஒப்பந்தத்தில் இந்த மலைகள் அவர்கள் கையைவிட்டுப் போயின, 1881இல் மக்களையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். பெயர் மட்டும் ஊரில் இருக்கிறது.

மீதி ஊர்களைச் சுருக்கமாக. ரிட்ஜ்வே மாநிலப் பூங்காவில் மின் இணைப்போடு நல்ல இடம். டெல்லுரைடு பணக்கார ஊர், வண்டியை ஊருக்குள் கொண்டுபோகாதீர்கள், வெளியே விட்டுவிட்டு பஸ்ஸில் போனோம். அங்கிருந்து மவுண்டன் வில்லேஜுக்கு மலைமேல் கம்பிவட வண்டி, காசு வாங்குவதில்லை. அம்மா இரண்டு முறை போனார், இலவசம் என்பதால். டோலோரஸில் ஒன்றும் செய்யவில்லை, அதுவே நன்றாக இருந்தது.

மேசா வெர்டே தேசியப் பூங்காவில் முகாம் பூங்காவுக்கு உள்ளேயே இருக்கிறது. 25 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு வெதரில் மேசா சாலையில் அனுமதி இல்லை, பெரிய வண்டி எடுப்பவர்கள் கவனிக்கவும். பாறைக் குடைவுக்குள் 800 வருடத்துக்கு முந்தைய வீடுகள். இறங்கிப் பார்க்க ஏணி ஏற வேண்டும் என்பதால் பெரியவர்கள் மேலிருந்தே பார்த்தார்கள். "தண்ணிக்கு என்ன பண்ணாங்க?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. அந்த வாரம் முழுக்கத் தொட்டியை எட்டிப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தவர் அல்லவா.

#18 கணக்குப்பிள்ளை

மனைவியிடம் இழையைக் காட்டினேன், தப்புச் செய்துவிட்டேன். செப்டம்பருக்கு விடுப்பு போட்டாயிற்று. வண்டி எஸ்யூவிதான், அதில் மாற்றமில்லை. டுராங்கோவில் மூன்று இரவு, சில்வர்டனில் இரண்டு, யூரேவில் இரண்டு. வடக்கு நோக்கியே போகிறோம். வேறு ஏதாவது?

#19 தெற்குமாசி

சில்வர்டனில் சாயங்காலம் சீக்கிரமே கடைகளை மூடிவிடுவார்கள். ஒரு மின்குக்கரும் அரைக்கிலோ ரவையும் காரில் இருக்கட்டும். ரவை எந்த உயரத்திலும் வேகும்.